புதுவீட்டு எச்எஸ்ரி மீளளிப்பு: ‘அங்கிள்’ என்று எழுதியதற்கு 24,000 டொலரா?

வடலி | 2025 ஒக்டோபர் 4

வணக்கம். வரி விடயங்களில் அனுபவமுள்ளவர்கள் இதைப் பொறுமையாக வாசித்து வழிகாட்ட வேண்டும்.

2022 மார்ச்சில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஒசாவாவில் கட்டப்படவிருந்த ஒரு தொடர்வீட்டை வாங்குவதற்கு ஒப்பமிட்டேன். எச்எஸ்ரி (மத்திய, மாகாண அரசுகளின் ஒன்றிணைந்த விற்பனை வரி) உட்பட விலை 767,000 டொலர் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. என் ஒருவனுடைய சம்பளத்துக்கு அவ்வளவு கடன் தர முடியாது என்று வங்கி சொன்னதால், மாமாவையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டு, பின்னர் வீட்டு உறுதியிலும் (உரிமைப் பத்திரத்திலும்) ஒரு சதவீதப் பங்குடன் அவருடைய பெயரைப் பதிந்தோம். மனைவியின் பெயர் உறுதியில் இல்லை.

2024 நவம்பரில் சாவி கைக்கு வந்தது. அப்போது மகன் ஸ்காபரோவில் எட்டாம் வகுப்பில் இருந்தான். படிப்பின் நடுவில் அவனை வேறு பள்ளிக்கு மாற்ற மனம் வரவில்லை என்பதால், 2025 யூன் இறுதிவரை பழைய வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம். புதுவீட்டில் பால் காய்ச்சிய கையோடு மாமாவும் மாமியும் அங்கே குடிபோனார்கள். பள்ளி முடிந்ததும் நாங்களும் போய்ச் சேர்ந்தோம். இன்றுவரை எல்லோரும் ஒன்றாக அங்கேதான் இருக்கிறோம், வீட்டின் எந்தப் பகுதியையும் ஒரு நாள்கூட வாடகைக்கு விட்டதில்லை.

யூலையில் வரித் திணைக்களத்திடமிருந்து ஒரு கேள்விக்கொத்து வந்தது. வீட்டில் முதலில் குடியிருந்தவர் யார், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். நானும் உள்ளதைத்தானே சொல்கிறோம் என்று ‘அங்கிள், ஆன்ட்டி’ என எழுதி அனுப்பினேன். என்னுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரி மாற்றிய நாளையும் கேட்டிருந்தார்கள். அது 2025 யூலை 3. இப்போது செப்டெம்பர் 15 திகதியிட்ட மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது. புதுவீட்டு மீளளிப்புக்கு, அதாவது புதுவீட்டுக்கான வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சலுகைக்கு, நான் தகுதியற்றவனாம். 24,000 டொலரையும் அதற்கான வட்டியையும் கட்ட வேண்டுமாம்.

அந்த 24,000 டொலரை நான் கண்ணாலும் கண்டதில்லை. எந்தக் காசோலையும் எனக்கு வரவில்லை. வீட்டைக் கட்டி விற்ற பில்டர் பெற்ற பணத்தை என்னிடம் எப்படிக் கேட்கலாம்? மாமாவின் பெயரை உறுதியில் சேர்த்ததுதான் பிழையா? இதை எதிர்த்துக் கேட்க வழியுண்டா?

பேரேடு | 2025 ஒக்டோபர் 4

வடலி, மற்றவற்றுக்குப் போகுமுன் ஒரே ஒரு கேள்வி. எந்த மாமா? ஒப்பமிட்ட மாமாவும் குடிபோன மாமாவும் ஒருவரா, இருவரா? உங்கள் 24,000 டொலரும் இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

வடலி | 2025 ஒக்டோபர் 4

இருவர். உறுதியில் பெயருள்ளவர் அம்மாவின் தம்பி. அவர் மார்க்கத்தில் தன் சொந்த வீட்டில் இருக்கிறார், இந்த வீட்டில் ஒரு நாளும் தங்கியதில்லை. குடிபோனவர்கள் மனைவியின் அப்பாவும் அம்மாவும். இருவரையும் மாமா என்றுதான் அழைப்பேன், ஆங்கிலத்திலும் அப்படியே எழுதிவிட்டேன். அதிலா பிழை?

பேரேடு | 2025 ஒக்டோபர் 5

அதிலேதான். தமிழில் ஒரு பிழையும் இல்லை. அதை ஆங்கிலமாக்கியதில்தான் பிழை.

இருபது ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறேன். இருந்தாலும் நான் உங்கள் கோப்பைப் பார்க்காமல் பேசுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில், காணாத பணம் எங்கே இருந்தது என்று பார்ப்போம். உங்கள் வீட்டின் வரியில்லா விலை 700,000 டொலர். அதற்கு 13 சதவீத எச்எஸ்ரி 91,000 டொலர்; அதில் மத்திய அரசின் 5 சதவீதம் 35,000, ஒன்ராறியோவின் 8 சதவீதம் 56,000. வீட்டின் விலை 450,000 டொலரையோ அதற்கு மேலான தொகையையோ தொட்டுவிட்டால் மத்திய பங்கில் பழைய மீளளிப்பு எதுவும் கிடையாது. ஒன்ராறியோ பங்கில் 75 சதவீதம், ஆனால் 24,000 டொலருக்கு மேற்படாமல், விலை எவ்வளவு உயர்ந்தாலும் கிடைக்கும். ஆகவே 700,000 உடன் 91,000 ஐக் கூட்டி, அதிலிருந்து 24,000 ஐக் கழித்தால், உங்கள் ஒப்பந்தத்திலுள்ள அதே 767,000 வரும். மீளளிப்பு உங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் காசோலையாக அல்ல, விலைக்குள்ளேயே கழிவாக வந்தது. பில்டர் அந்தக் கழிவைத் தன் கையால் கொடுத்துவிட்டு, குளோசிங் (வீடு கைமாறும்) நேரத்தில் சட்டத்தரணியின் மேசையில் நீங்கள் ஒப்பமிட்ட ஜிஎஸ்ரி190 படிவத்தைக் காட்டி அரசிடமிருந்து ஈடுசெய்துகொண்டார். அந்தப் படிவத்தில், இந்த வீடு எனக்கோ என் உறவினருக்கோ முதன்மை வதிவிடமாக இருக்கும் என்று உறுதி கூறியவர் நீங்கள். அதனால் தகுதி இல்லையென்றால் திணைக்களம் உங்களிடம்தான் வரும். நீங்கள் தகுதியற்றவர் என்பது பில்டருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தால் மட்டுமே அவரும் உங்களோடு சேர்ந்து பொறுப்பாவார். உங்கள் விடயத்தில் அப்படி எதுவும் இல்லை. அவரோடு சண்டைக்குப் போய் நாளை வீணாக்க வேண்டாம்.

இனி உறவு. சட்டம் கேட்பது இரண்டு. ஒப்பந்தத்தில் கட்டுப்பட்ட நாளில், வாங்குபவர் தனக்கோ தன் உறவினருக்கோ முதன்மை வதிவிடமாகவே வீட்டை வாங்குகிறார் என்பது ஒன்று. கட்டி முடிந்த வீட்டில் முதலில் குடியேறுபவர் வாங்கியவராகவோ அவருடைய உறவினராகவோ இருக்க வேண்டும் என்பது மற்றது. ‘உறவினர்’ என்ற சொல்லுக்கு இங்கே நம் வீட்டுப் பொருள் கிடையாது. பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி, பின்னர் திருமணத்தால் வந்த மாமனார் மாமியார், நம் பிள்ளைகளை மணந்தவர்கள், மனைவியின் அல்லது கணவனின் உடன்பிறப்புகள், நம் உடன்பிறப்புகளை மணந்தவர்கள், இவர்களெல்லாம் உறவினர். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, தாய்மாமன், ஒன்றுவிட்ட சகோதரர்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கையின் பிள்ளைகள், இவர்கள் ஒருவரும் உறவினர் அல்லர். நம் தமிழில் ‘மச்சான்’ என்றால் அக்காவின் கணவனும் ஆவார், மாமன் மகனும் ஆவார். முன்னவர் சட்டத்தின் கண்ணில் உறவு, பின்னவர் அயலார். அதே போலத்தான் உங்கள் இரண்டு மாமாக்களும். ‘அங்கிள்’ என்ற சொல்லைப் பார்த்த அதிகாரி, முதலில் குடியேறியவர் உறவினர் அல்லர், வாங்கியவரோ ஏழு மாதம் கழித்துத்தான் முகவரி மாற்றியிருக்கிறார் என்று முடிவுகட்டியிருக்கிறார். அவர் கையிலிருந்த தாளின்படி வேறு முடிவுக்கு வரவும் முடியாது.

தாய்மாமன் உறுதியில் இருப்பதைப் பற்றி ஒரு சொல். உங்கள் ஒப்பந்தம் ஓராண்டு முந்தியதாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். முன்பெல்லாம், ஒப்பந்தத்தில் பெயருள்ள ஒவ்வொருவரும் தனக்கோ தன் உறவினருக்கோ வதிவிடமாக வாங்க வேண்டும் என்பதே விதியாக இருந்தது. வங்கிக் கடனுக்காக மட்டும் ஒப்பமிட்ட ஒரு நண்பரால் மீளளிப்பு முழுவதையும் இழந்த ஒருவரின் வழக்கில், 2018 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வங்கிக்காகச் சித்தப்பாவையும் நண்பனையும் கூப்பிட்டு ஒப்பமிடுவித்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த விதியில் அடிபட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். 2021 வரவுசெலவுத் திட்டம் இதைத் திருத்தியது. 2021 ஏப்ரல் 19 க்குப் பின் செய்த ஒப்பந்தங்களில், வாங்குபவர்களில் ஒருவர் தகுதி பெற்றாலே போதும். நீங்கள் 2022 மார்ச்சில் ஒப்பமிட்டவர். ஆகவே அம்மாவின் தம்பியால் கேடு எதுவும் இல்லை.

மனைவியின் பெற்றோர் முதலில் குடியேறியது விதிக்கு முழுக்க உட்பட்டது. செய்ய வேண்டியது ஆட்சேபம் தெரிவிப்பதே. அறிவித்தலின் திகதியிலிருந்து 90 நாள்கள் உண்டு. உங்களுக்கு அது டிசெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாளைப் பார்த்துக்கொண்டிராமல் இந்த மாதமே அனுப்புங்கள். ஜிஎஸ்ரி159 படிவம் அதற்கானது. தொலைபேசியில் விளக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தொலைபேசி அழைப்பு ஆட்சேபம் ஆகாது, ஆனால் 90 நாள்களைத் தின்றுவிடும். இடையில் வட்டி நாளாந்தக் கூட்டுவட்டியாக ஏறும். வசதியிருந்தால் தொகையைக் கட்டிவிட்டு ஆட்சேபியுங்கள். கட்டியதால் தவற்றை ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை, வென்றால் பணம் திரும்பி வரும். ஆட்சேபமும் தோற்றால் வரி நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் இந்தக் கோப்பு அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

பழையவாசி | 2025 ஒக்டோபர் 5

பேரேடு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் மத்திய அரசின் மீளளிப்பு ஏன் யாருக்கும் கிடைப்பதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

மத்திய அரசின் விற்பனை வரியான ஜிஎஸ்ரி 1991 சனவரி 1 அன்று 7 சதவீதமாக வந்தபோதே இந்த மீளளிப்பும் வந்தது. கட்டிய வரியில் 36 சதவீதம். 350,000 டொலர் வரையான வீட்டுக்கு முழுமையாகவும், அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 450,000 இல் முற்றாக இல்லாமலும் போகும். அன்று ரொறொன்ரோவின் புறநகரில் 350,000 டொலருக்கு நல்ல தனிவீடே வாங்கலாம். வரி 2006 இல் 6 சதவீதமாகவும், 2008 இல் 5 சதவீதமாகவும் இறங்கியபோது உச்சத் தொகையும் 8,750 டொலரிலிருந்து 6,300 டொலருக்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்த 350,000, 450,000 என்ற எல்லைகளை மட்டும் முப்பத்து நான்கு ஆண்டுகளாக யாரும் தொடவில்லை. விலைவாசிக்கேற்ப உயர்த்துவதாகப் பேச்சு இருந்தது, பேச்சோடு சரி. இன்று 400,000 டொலருக்கு ஒரு சிறிய கொண்டோ (அடுக்குமாடி வீடு) கிடைத்தால், அதற்கு மத்திய அரசிடமிருந்து 3,150 டொலர் வரும்.

ஒன்ராறியோவின் 24,000 க்கு வேறு கதை. 2010 யூலை 1 க்கு முன் மாகாணத்தின் 8 சதவீத வரி, கட்டுமானப் பொருள்கள் மீதுதான் இருந்தது. கட்டி முடித்த வீட்டின் விற்பனை மீது இருக்கவில்லை. எச்எஸ்ரி வந்து வீட்டின் மொத்த விலை மீதும் காணியின் மீதும் 8 சதவீதத்தை ஏற்றியபோது, அந்தச் சுமையைக் குறைக்கவே இதைக் கொடுத்தார்கள். ஒருவர் குடியிருந்து கைமாறும் பழைய வீடுகளுக்குப் பொதுவாக எச்எஸ்ரியே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அயல் வீட்டுக்காரர் பழைய வீடு வாங்கியபோது இந்தத் தலையிடி எதுவும் ஏன் அவருக்கு வரவில்லை என்பது விளங்கும்.

கூடல்மகள் | 2025 ஒக்டோபர் 11

வடலி அண்ணாவின் கேள்விக்குள் என்னுடையதையும் நுழைப்பதற்கு மன்னிக்கவும். பேரேடு ஐயாவின் பதிலை வாசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

நான் மிசிசாகாவில் ஒரு கொண்டோ வாங்கினேன், வாடகைக்கு விடுவதற்காகவே. வரியில்லா விலை 520,000 டொலர். குளோசிங்கிற்கு நான்கு நாள் முன்னர், சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து வந்த இறுதிக் கணக்கில் 24,000 டொலர் மேலதிகமாக இருந்தது. நீங்கள் குடியிருக்கப் போவதில்லை, ஆகவே பில்டர் கழித்த மீளளிப்பை நீங்களே கட்ட வேண்டும் என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினேன். அது 2023 ஒக்டோபர் 19. நவம்பர் 1 இலிருந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டேன், அதே குடும்பம் இன்றும் இருக்கிறது. வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஏதோ மீளளிப்பு உண்டு என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார். உண்மையா? காலம் கடந்துவிட்டதா?

உறுதிக்கட்டு | 2025 ஒக்டோபர் 11

கூடல்மகள், உடனே எழுந்து வேலையைத் தொடங்குங்கள். காலம் இன்னும் கடக்கவில்லை, ஆனால் கதவு மூடிக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வீட்டுக் கைமாற்றுப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்களுக்கு உரியது புதிய வாடகைக் குடியிருப்புக்கான மீளளிப்பு. அதற்குப் படிவம் ஜிஎஸ்ரி524, அதோடு ஒன்ராறியோ இணைப்புப் படிவமும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒன்ராறியோ பங்கில் அதே 24,000 டொலர் வரை கிடைக்கும். வரி முதலில் செலுத்த வேண்டியதான மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் சேர வேண்டும். உங்கள் குளோசிங் 2023 ஒக்டோபரில் நடந்திருப்பதால், அந்த நாள் 2025 ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. இன்னும் இருபது நாள்கள். ஆனால் கொண்டோவில் ஒரு நுணுக்கம் உண்டு. கொண்டோ பதிவாவதற்கு முன்பே சாவி தரப்பட்டிருந்து, பதிவாகி 60 நாள்களுக்குள் உறுதி உங்கள் பெயருக்கு மாறியிருக்காவிட்டால், அந்த 60 ஆம் நாளே வரி செலுத்த வேண்டிய நாளாகக் கொள்ளப்படும். உங்கள் கட்டடம் எப்போது பதிவானது என்பதைச் சட்டத்தரணியிடம் நாளை காலையிலேயே கேளுங்கள். எது எப்படியிருந்தாலும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

இணைக்க வேண்டியவை மூன்று: கொள்வனவு ஒப்பந்தம், அந்த 24,000 டொலர் தெளிவாகத் தெரியும் இறுதிக் கணக்கு, ஓராண்டு வாடகை ஒப்பந்தம். வாடகைக்காரரின் பெயரும் ஒப்பமும், தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதத்துக்கு மாதம் என்று வாயால் பேசி விட்டவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உங்களிடம் எழுத்தில் ஓராண்டு இருக்கிறது, நல்லது. முதல் குடியிருப்பாளர் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், குடியிருக்க நினைக்காத இன்னொரு முதலீட்டாளருக்கு விற்றிருந்தால் மீளளிப்பைத் திருப்பிக் கட்ட நேர்ந்திருக்கும். உங்களுக்கு அந்தக் கட்டம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

வடலி, உங்களுக்கும் ஒரு சொல். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர், சொந்த வீட்டு மீளளிப்புக்கு ஓராண்டு கட்டாயம் குடியிருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். ஓராண்டு என்பது கூடல்மகள் கேட்ட வாடகை மீளளிப்பின் விதி. சொந்த வீட்டுக்கு இத்தனை மாதம் என்று சட்டத்தில் இல்லை. ஒப்பமிட்ட நாளில் என்ன நினைத்து வாங்கினீர்கள், பின் நடந்தவை அந்த எண்ணத்துக்குப் பொருந்துகின்றனவா என்பதுதான் கேள்வி. வாங்கிய கையோடு விற்பவர்களின் எண்ணத்தைத் திணைக்களம் சந்தேகிப்பதும் அதனால்தான்.

ஆட்சேபத்தோடு அனுப்ப வேண்டிய ஆவணங்களில் முக்கியமானது, குடியேறியவர் உங்கள் மனைவியின் தந்தை என்று நிறுவும் சங்கிலி. உங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ் முதற் கண்ணி. மனைவியின் பிறப்புச் சான்றிதழ் இரண்டாவது. அதில் தந்தையின் பெயர் இருக்கும். மாமனாரின் கடவுச்சீட்டோ நிரந்தரவதிவிட அட்டையோ மூன்றாவது. அந்தப் பெயரிலுள்ள ஆள்தான் 2024 இலிருந்து ஒசாவா முகவரியில் இருந்தார் என்பதற்கு வங்கிக் கடிதம், சுகாதார அட்டை முகவரி மாற்றம், மருந்தகப் பற்றுச்சீட்டு போன்றவை நான்காவது. முதியவர்கள் பெயரில் மின்கட்டணப் பட்டியல் இருக்காது என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனால் மருந்தகச் சீட்டில் முகவரியும் திகதியும் இருக்கும், அதைத் தேடுங்கள்.

ஊர்ப் பிறப்புச் சான்றிதழ்களில் ஒரு பொறி இருக்கிறது, நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். நம்மவர்களுக்குத் தந்தையின் பெயரே முன்னெழுத்தாக இருப்பதால், இங்கே வந்தபின் அதே பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராகவும் இன்னொருவருக்கு நடுப்பெயராகவும் ஆகிவிடுகிறது. எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். சான்றிதழைத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து, பெயர் வேறுபாட்டை விளக்கும் சத்தியக்கூற்று ஒன்றையும் இணைத்துவிடுங்கள். அதிகாரி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல்மனை | 2025 ஒக்டோபர் 13

என்னுடையது சிறிய கேள்வி. 2023 இல் ஏஜக்ஸில் ஒரு புதுவீட்டுக்கு ஒப்பமிட்டேன், அடுத்த ஆண்டுதான் குளோசிங். இதுவே என் முதல் வீடு. இவ்வாண்டு அறிவித்த 50,000 டொலர் சலுகை எனக்குக் கிடைக்குமா? ஒப்பந்தத்தை முறித்துவிட்டுப் புதிதாக ஒப்பமிடலாம் என்று முகவர் சொல்கிறார்.

பேரேடு | 2025 ஒக்டோபர் 13

முதல்மனை, கிடைக்காது. முகவரின் யோசனையும் வேலைக்காகாது.

மத்திய அரசு 2025 மே 27 அன்று அறிவித்தது, முதல் வீடு வாங்குவோருக்கான ஜிஎஸ்ரி மீளளிப்பு. ஒரு மில்லியன் டொலர் வரையான புதுவீட்டுக்கு 5 சதவீதப் பங்கு முழுவதும், அதாவது உச்சமாக 50,000 டொலர். அதன்பின் படிப்படியாகக் குறைந்து 1.5 மில்லியனில் இல்லாமல் போகும். 1.25 மில்லியன் விலையென்றால் 25,000. வாங்குபவர் 18 வயது நிரம்பிய குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்க வேண்டும். இந்த ஆண்டிலும் முந்திய நான்கு ஆண்டுகளிலும், தானோ துணையோ உரிமை கொண்டிருந்த வீட்டில் குடியிருந்திருக்கக் கூடாது. பில்டரோடு செய்யும் ஒப்பந்தம் மே 27 அல்லது அதற்குப் பின்னர் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே 2025 மே மாத முன்மொழிவு. பழைய ஒப்பந்தத்தை முறித்துப் புதிதாக எழுதுபவர்களையும், பழைய ஒப்பந்தத்தை இன்னொருவரிடமிருந்து மாற்றி வாங்குபவர்களையும் தடுக்கும் விதிகளும் அதிலேயே உண்டு. சட்டமூலம் 2025 ஒக்டோபர் நிலவரப்படி நாடாளுமன்றத்தில் இருந்தது. முறித்தால் வைப்புப் பணம் பில்டரிடம் போகும் அபாயம் உங்களுக்கு, புதிய விற்பனையின் தரகு முகவருக்கு. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஒன்ராறியோவின் 24,000 உங்களுக்கும் உண்டு, அது விலைக்குள் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒப்பந்தத்தின் இணைப்பை வாசித்துப் பாருங்கள்.

கூடல்மகள் | 2025 ஒக்டோபர் 17

விண்ணப்பத்தை நேற்று அனுப்பிவிட்டேன். கட்டடம் 2023 செப்டெம்பரில்தான் பதிவாகியிருக்கிறது, ஆகவே 60 நாள் சிக்கல் இல்லை என்று சட்டத்தரணி உறுதிப்படுத்தினார். குளோசிங் அன்று இந்தப் படிவத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அது கணக்காளரின் வேலை என்றார். கணக்காளரைக் கேட்டேன். அது சட்டத்தரணியின் வேலை என்றார். உறுதிக்கட்டு அவர்களுக்கு என் நன்றி.

வடலி | 2025 ஒக்டோபர் 26

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

மனைவியின் பிறப்புச் சான்றிதழ் சாவகச்சேரியில் பதிந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடா போட்ட பழைய தாள். அதில் மாமனாரின் பெயர் ஒரு விதமாகவும், அவருடைய நிரந்தரவதிவிட அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கும் என்று உறுதிக்கட்டு சொன்னது அப்படியே நடந்தது. மூன்று எழுத்து வேறுபாடு. மொழிபெயர்ப்பும் சத்தியக்கூற்றும் ஒரே வாரத்தில் முடிந்தன. மருந்தகத்தில் கேட்டவுடன், மாமிக்கு 2024 டிசெம்பர் 9 இலிருந்து கொடுத்த மருந்துகளின் பட்டியலை ஒசாவா முகவரியோடு அச்சிட்டுத் தந்தார்கள். நான் எதிர்பாராதது மகனின் பள்ளிக் கடிதம்: எட்டாம் வகுப்பு முடியும்வரைதான் ஸ்காபரோவில் இருப்பான், அதன்பின் ஒசாவாவுக்கு மாறுகிறான் என்று 2025 பெப்ரவரியிலேயே நாங்கள் எழுதிக் கொடுத்த தாளின் நகல் அங்கே இருந்தது. பேரேடு அதைத்தான் முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

ஆட்சேபக் கடிதத்தில் ‘அங்கிள்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘என் மனைவியின் தந்தை’ என்று ஆறு இடத்திலும், ‘என் தாயின் தம்பி’ என்று இரண்டு இடத்திலும் எழுதியிருக்கிறேன். முன்பு அனுப்பிய பதிலில் அந்தச் சொல்லை ஏன் எழுதினேன் என்பதை விளக்க, தமிழில் இருவரையும் ஒரே சொல்லால் அழைப்போம் என்று ஒரு பந்தியும் சேர்த்தேன். வட்டி ஏறாமலிருக்க 24,000 டொலரையும் அதுவரையான வட்டியையும் கடன் வாங்கிக் கட்டிவிட்டோம். அம்மாவின் தம்பி தானே முன்வந்து பாதியைத் தந்தார். உறுதியில் தன் பெயர் இருப்பதால்தான் இவ்வளவும் வந்தது என்று அவர் இன்னும் நம்புகிறார், எவ்வளவு சொல்லியும் கேட்கிறாரில்லை.

வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.